இடது கைக்காரரின் கைத்துப்பாக்கி

மெர்ல் ஹோக்லண்டுக்குக் கார்ப்பெட் விற்கத் தெரியும். வேறு எதுவும் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கடையில் நான் வேலை பார்த்த வருடங்களில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்களின் படுக்கையறைகளை அளப்பார். ஏழாவது நாள் மான்தோல் சட்டையை மாட்டிக்கொண்டு அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்து மனிதராகிவிடுவார்.

டன்னர்ஸ் ஃபோர்டில் இப்படிப்பட்டவர்கள் ஒரு சங்கமே இருக்கிறார்கள். பென்சில்வேனியாவின் இந்தப் பக்கத்து மலைகளில் சங்கம் இல்லாத ஊர்தான் அதிசயம். ஆற்றங்கரையில் கித்தான் கூடாரம் போட்டு, சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளில் கருமருந்து இடித்துச் சுடுவார்கள். சட்டையில் ஜிப் தெரிந்தால் ஆளைக் கூடாரத்துக்குள் விட மாட்டார்கள். பீர் நிறைந்த பிளாஸ்டிக் ஐஸ் பெட்டியைக் கரடித்தோலால் மூடிவிட்டால் மட்டும் அது சரித்திரம். சங்கத் தலைவர் ஹார்லன் பீட்ரி ஓய்வு பெற்ற பல் மருத்துவர். பழைய பழக்கத்தில் உருப்பெருக்கியைக் கையோடு வைத்திருப்பார். வாய்களுக்குப் பதிலாக இப்போது சட்டைகளின் தையலைப் பார்க்கிறார், கையால் தைத்ததா, மிஷினில் தைத்ததா என்று.

ஜூன் மாதத்தில் ஊர் பிறந்த நாள் விழா. அதை ஒரே ஒரு வெடி சுட்டுத் தொடங்கி வைப்பார்கள். யார் சுடுவது என்று ஹார்லன்தான் சொல்வார். துப்பாக்கிக்கு ஏதாவது பெருமை இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. மெர்ல் இரவல் துப்பாக்கியோடு வருடா வருடம் மூன்றாவது வரிசையில் நின்றார். அந்த ஒரு வெடியை ஒரு தடவையாவது தான் சுட வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்க்கையின் ஆசை. மனிதர்களுக்கு இதைவிடச் சிறிய ஆசைகள் இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு குளிர்காலம் முழுக்கக் கார்ப்பெட் மாதிரிகளுக்கு நடுவில் ஒரு கேட்டலாக் கிடந்தது. கைத்துப்பாக்கிக் கிட்டுகள். குழல், சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டும் பொறி, விசை, பித்தளைப் பூண், பாதி செதுக்கிய மரம் எல்லாம் ஒரே பெட்டியில் வரும், நாம்தான் சேர்த்து முடித்துக்கொள்ள வேண்டும். சந்தன நிறத்தில் கார்ப்பெட் கேட்டு வந்தவர்களிடம் கேட்டலாக்கைத் திருப்பிக் காட்டி, "இதுல எது கம்பீரமா இருக்கு, சொல்லுங்க" என்பார். ஆங்கிலேயக் கப்பல்படை மாடல் அவருக்கு ரொம்பப் பருமன். பிரெஞ்சு மாடல் ரொம்ப மினுக்கல். வசந்தம் வந்தபோதுதான் தான் இடது கைக்காரர் என்பதும், வழக்கம்போலப் பொறி வலது பக்கம் இருந்தால் தீப்பொறி தன் கண்ணில் தெறிக்கும் என்பதும் அவருக்கு நினைவு வந்தது. இடது கைக்கு அந்தக் கேட்டலாக்கில் ஒரே ஒரு மாடல்தான் இருந்தது. தேர்வு முடிந்தது.

பெட்டி கடைக்கு வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பின்னறை மேஜையில் வைத்து மரத்தை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்துக்கொண்டே இருந்தார். கூர்மையாக நிற்க வேண்டிய விளிம்பெல்லாம் மழுங்கிப்போனது. பித்தளைப் பூண் எந்தப் பக்கம் வைத்தாலும் ஆடியது. ஒரு நாள் எல்லாவற்றையும் மீண்டும் பெட்டியில் போட்டு, "இதெல்லாம் நேரம் இருக்கறவங்க வேலை" என்றார். அந்த வாரம் கடைக்கு இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ட்வைலா ரீட்ஸ் தன் கார் ஷெட்டில் இப்படிப்பட்ட கிட்டுகளை முடித்துக் கொடுப்பாள். கூலியாகத் தன் ஷெட்டுக்குக் கார்ப்பெட் கேட்டதால், அளவெடுக்க நானும் போனேன். மரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன சாரே, குளிக்கிறப்ப கூடவே கொண்டு போனீங்களா? சோப்பு மாதிரி கரைஞ்சிருக்கு."

"சரி பண்ண முடியுமா?"

"முடியும். புதுசு மாதிரி வேணுமா, பழசு மாதிரி வேணுமா?"

"பழசு மாதிரியும் பண்ணுவியா?"

"அதுக்குத்தான் எல்லாரும் வர்றாங்க. பளபளன்னு குடுத்தா மூஞ்சி தொங்கிடுது."

மெர்லின் கண்கள் விரிந்தன. புது மரத்தை இரும்புச் சங்கிலியால் அடிக்கவும், குழலில் ஹாட் டாக் மேல் பிழியும் மஞ்சள் கடுகுச் சாஸைப் பூசித் துருவேற்றவும் அவர் அவளுக்குக் கூலி கொடுத்தார். பிடியில் ஒரு நீளக் கீறல் வேண்டும் என்று விரலால் இடம் காட்டினார். "குதிரையிலேர்ந்து கல்லு மேல விழுந்த மாதிரி."

"யாரு விழுந்தது?" என்றாள் ட்வைலா.

"யாராவது."

வேலை நன்றாகத்தான் வந்திருந்தது. சங்கத்தின் பீன்ஸ் சூப் விருந்தில் மெர்ல் அதை மேஜை மேல் வைத்தார். ட்வைலா முடித்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் ஹார்லன் உருப்பெருக்கியோடு குனிந்துவிட்டார். குழலை மோந்து பார்த்தார்.

"இந்த வாசனைய எவனாலயும் செய்ய முடியாது," என்றார். "மெர்ல், இது அசலா?"

மெர்ல் திறந்த வாயில் சூப்பை ஊற்றிக்கொண்டார். அந்த ஒரு கரண்டி சூப் விழுங்கும் நேரத்தில் பொய் பிறந்துவிட்டது.

"பொறி இடது பக்கம் இருக்கே?"

"ஜெரமையா தாத்தா இடது கைக்காரர்."

மெர்லின் மூதாதை ஜெரமையா ஹோக்லண்டைப் பற்றி அதுவரை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேட்டுக் கல்லறையில் அவர் பெயர் போட்ட ஒரு கல் சாய்ந்து நிற்கிறது என்பதுதான். மே மாதத்துக்குள் அவர் மூன்று போர்களில் சண்டை போட்டு, ஒரு குதிரையிலிருந்து விழுந்திருந்தார். துப்பாக்கி எங்கே கிடைத்தது என்று யாராவது கேட்டால், "அப்பா வீட்டுப் பரண்ல" என்பார் மெர்ல். கடையில் என் முன்னாலேயே சொல்வார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அந்த வருட வெடி மெர்லுக்கு என்று ஹார்லன் அறிவித்தார்.

விழா அன்று காலை மெர்லின் அக்கா டார்லா வந்தாள். பக்கத்து ஊரில் முடி திருத்தும் நிலையம் நடத்துகிறாள். தலையில் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். ஹார்லன் மைக்கில் ஜெரமையாவை மூன்றாவது போருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவள் நேராகக் கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள்.

"ஹார்லன், கொஞ்சம் நிறுத்துங்க. மெர்ல், இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதான்க்கா. அப்பா வீட்டுப் பரண்ல."

"எந்தப் பரண்? அப்பா செத்து வீட்டக் காலி பண்ணப்ப நான்தானே ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். மேல ஏறிட்டு, 'ஒண்ணுமில்லக்கா, எலிப்புழுக்கைதான்'னியே, அந்தப் பரணா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மெர்லின் கழுத்து சிவந்தது. அவருடைய கருமருந்து அடைத்த மாட்டுக்கொம்பைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றதால் டார்லா அடுத்து மெதுவாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது.

"டேய், இடது கை அம்மா வீட்டுப் பக்கம்டா. ஹோக்லண்ட் வம்சத்துல எவனும் இடது கையில கரண்டி கூடப் புடிச்சதில்ல. கடையில வாங்கினேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. நான் பாட்டுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை வாங்கித் தின்னுட்டு வீட்டுக்குப் போறேன். சொல்ல மாட்டேன்னா அது அப்பா சொத்து, பாதி எனக்கு."

அவர் ஹார்லனைப் பார்த்தார். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். கிட் வாங்கி இன்னொருத்தியிடம் முடித்து வாங்கியவன் என்று ஆவதா, அக்காவுக்குச் சேர வேண்டியதை ஒளித்துவைத்தவன் என்று ஆவதா? யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"மறைச்சுட்டேன்க்கா," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "உனக்குத் தெரியாம எடுத்து வச்சுக்கிட்டேன்."

டார்லா அவரை ஒரு கணம் பார்த்தாள். இவ்வளவு தூரம் போவார் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. பிறகு கையை நீட்டினாள்.

"அப்ப பாதி இல்ல. முழுசா குடு."

ஹார்லன் முகத்தைத் துயரமாக வைத்துக்கொண்டார், ஆனால் குரலில் குதூகலம். "கூடப் பொறந்தவகிட்டயே ஒளிச்சு வைக்கிற அளவுக்கு மதிப்புள்ள பொருள்! இதுக்கு மேல அசல்ங்கறதுக்கு என்ன சான்று வேணும்? மூத்தவங்க கைக்குத்தான் போகணும், மெர்ல்."

டார்லாதான் சுட்டாள். முதல் தட்டிலேயே பொறி பறந்து வெடித்தது. கயிற்றுக்கு வெளியே ட்வைலா சர்க்கரை தூவிய பணியாரம் தின்றுகொண்டு நின்றாள். "ம்," என்றாள், தன் வேலையைப் பார்த்து. டார்லா புகை அடங்கும் வரை காத்திருந்து, துப்பாக்கியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

இப்போது அது அவள் கடையில், முடி உலர்த்தும் இயந்திரங்களுக்கு மேலே தொங்குகிறது. கீழே ஒரு அட்டை: ஜெரமையா ஹோக்லண்ட், இடது கைக்காரர். ஹார்லன் வெளியூர் விருந்தாளிகளை அழைத்துப் போய்க் காட்டுகிறார். மெர்லிடம் மீதிச் சில்லறை வாங்குகிறவர்கள் சில நாள் எண்ணிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். சங்கத்தில் அவரை இரண்டாவது வரிசைக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

ஆகஸ்டில் கடைக்கு இன்னொரு பெட்டி வந்தது. அதே அளவு, அதே அனுப்புநர். நான் கையெழுத்துப் போட்டேன். மெர்ல் என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் காலத்துல இதையெல்லாம் ஜோடியாத்தான் செய்வாங்க" என்றார். இந்த முறை பின்னறைக்குக் கூடக் கொண்டு போகவில்லை. நேரே ட்வைலாவின் ஷெட்டுக்குப் போனோம். கார்ப்பெட் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்ததால் ஆணி அடிக்க நானும் போக வேண்டியிருந்தது.

"இதுவும் பழசா?" என்றாள் ட்வைலா.

"அதே மாதிரி. அச்சு அசலா அதே மாதிரி இருக்கணும். பிடியில அதே இடத்துல அதே கீறல்."

ட்வைலா சங்கிலியைக் கையில் எடுத்தாள்.

"ஏன் சாரே," என்றாள், "உங்க தாத்தா ரெண்டு தடவையும் ஒரே கல்லு மேலதான் விழுந்தாரா?"

மெர்ல் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ஆமா," என்றார்.