முதலில் சிப்பு, பிறகு ஊசி

எங்கள் வீட்டில் ஜெர்மனிக்குப் போக முதலில் தயாரானது பூனைதான். அம்மா வரவழைத்த பிளாஸ்டிக் கூண்டைப் பிரித்து வைத்த அன்றே அது உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது. அம்மா தன் பழைய பருத்திச் சேலை ஒன்றை மடித்து உள்ளே விரித்திருந்தாள். அதன் மேல் பின்னங்காலை நீட்டிப் படுத்து, இனி யார் கூப்பிட்டாலும் எழுந்து வரமாட்டேன் என்பதுபோல் கண்ணை மூடியது. மற்ற யாருக்கும் அது அவ்வளவு சுலபமாக இல்லை.

அம்மா காற்றாலை கம்பெனி ஒன்றில் பொறியாளர். காவல்கிணறு பக்கம் சுற்றுகிற காற்றாடிகளில் ஒன்று நின்றுபோனால், ஏன் நின்றது என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்கிற வேலை. நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது அவளை இரண்டு வருடத்துக்கு ஜெர்மனிக்குப் போகச் சொன்னார்கள். குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். அப்பாவுக்கு டவுனில் பாத்திரக்கடை. அவரும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்துவது. இரண்டு வருடம் பெரியப்பா தனியாகப் பார்த்துக்கொள்வார், போய்விட்டு வந்து அப்பா மறுபடியும் உட்காரலாம் என்று பேசி முடித்தார்கள். அப்பா சரி என்றார்.

இந்தச் சரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு ஆண்கள் எதையும் முடியாது என்று சொல்லமாட்டார்கள். சரி என்பார்கள். அப்புறம் செய்யமாட்டார்கள். ஏன் செய்யவில்லை என்று கேட்டால், கேட்டவர்தான் கெட்டவர்.

மிக்சர் இல்லாமல் நான் வரமாட்டேன் என்றேன். மிக்சர் என்பது பூனையின் பெயர். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும். கடைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுக் குழாய்க்குள் குட்டியாகக் கத்திக்கொண்டிருந்ததை அப்பாதான் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தார். அதை இங்கேயே விட்டுவிடு என்று அம்மா சொல்லவில்லை. உட்கார்ந்து எல்லா விதிகளையும் படித்தாள். பிறகு எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து விளக்கினாள். பூனையின் தோலுக்கு அடியில் அரிசி அளவில் ஒரு சிப்பு வைப்பார்கள். எந்தப் பூனை என்று அதை வைத்துத்தான் தெரியும். அதற்குப் பிறகு வெறிநோய் ஊசி. ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்ததிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் அவள் முதலில் போய் வீடு பார்ப்பாள். நாங்கள் பூனையோடு பின்னால் போவோம்.

"முதல்ல சிப்பு, பெறவு ஊசி. மாத்திப் போட்டா ஊசி போட்டதாவே எடுத்துக்கிட மாட்டாங்க. எங்க, சொல்லுங்க பாப்போம்," என்றாள் அப்பாவிடம்.

"முதல்ல சிப்பு, பெறவு ஊசி," என்றார் அப்பா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

அம்மா போய்விட்டாள். எனக்குக் கவலை முழுக்க விமானத்தைப் பற்றி. பூனையைப் பெட்டிகளோடு அடியில்தான் போடுவார்கள், அங்கே ஒரே இருட்டு, குளிர், காது கிழிகிற சத்தம் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். அவள் மதுரை தாண்டிப் போனவள் இல்லை. ஆனாலும் நம்பினேன். ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனபோது, கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிற பெரிய அண்டா ஒன்று மூலையில் கவிழ்ந்திருந்தது. விளிம்பைத் தூக்கி உள்ளே நுழைந்துவிட்டேன். மிக்சர் இதைத் தாங்குமா என்று தெரிய வேண்டும். உள்ளே புளித்த சாம்பார் வாடை. மூச்சு முட்டியது. பெரியப்பா கரண்டியை எடுத்து அண்டாவின் மேல் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"ஏட்டி, உள்ள என்ன செய்யுத?"

"பிளைட்ல போறேன் பெரியப்பா."

பெரியப்பா சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு கடையில் நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அப்பாவிடம் சொன்னார்.

"ஏலே, பூனை கூண்டுல போவுது. ஒம் மவ அண்டாவுல போவுதா. நீ எதுல போற, பொண்டாட்டி முந்தானையிலயா? அவ வேலைக்குப் போயிருவா. பிள்ள பள்ளிக்கூடம் போயிரும். நீ அங்கன இருந்து பூனைக்குச் சோறு பொங்கிப் போடு, என்ன?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் அண்டாவுக்குள் சிரித்தேன். பூனைக்குச் சோறு பொங்க ஒரு ஆள் வருகிறது என்பது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, அம்மா தினமும் போனில் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அப்பா பூனையை டாக்டரிடம் கொண்டுபோனார். நான் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கூண்டை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஆற்றுப்பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை மிக்சர் நிறுத்தாமல் கத்தியது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் என்னைப் பிள்ளை பிடிப்பவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

டாக்டர் நல்ல மனிதர். அப்பாவின் கடையிலிருந்துதான் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் போனதாம்.

"அண்ணாச்சி, சிப்பு கைவசம் இல்ல. மெட்ராஸ்ல இருந்து வரணும். வந்ததும் போன் பண்ணுதேன். ரெண்டையும் அன்னைக்கே போட்டுக்கிடலாம்."

"வந்தது வந்தாச்சு டாக்டர். ஊசியப் போட்டு விடுங்க. சிப்பு வரும்போது வரட்டும்."

"வெளிநாட்டுக்குன்னா வரிசை மாறக்கூடாதுலா அண்ணாச்சி?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. போடுங்க."

நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். "அம்மா முதல்ல சிப்புன்னுதான சொன்னாங்க?"

"சும்மா இருட்டி. எல்லாம் ஒண்ணுதான்."

அப்பாவுக்கு மறதி கிடையாது. எந்த வீட்டுக்கு எந்த அண்டா போனது, திரும்பி வரும்போது எங்கே ஒடுங்கியிருந்தது என்று வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பவர். டாக்டர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஊசியைப் போட்டார். பத்து நாள் கழித்துச் சிப்பு வந்தது. அதையும் போட்டார்கள்.

ரத்தம் எடுக்க வேண்டிய சமயத்தில் அம்மா பூனையின் ஊசி அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அன்று சாயங்காலம் போன் திரையில் அவள் முகம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"சிப்பு தேதிக்கு முந்தி ஊசி தேதி இருக்கு," என்றாள்.

"ஒரு பத்து நாள் முந்திப் போட்டா என்ன? பூனை வேற பூனையா ஆயிரும்?"

"அவங்க கணக்குல வேற பூனைதான்."

"அப்ப அவங்களுக்குத்தான் கோட்டி பிடிச்சிருக்கு."

அம்மா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. மறுபடியும் ஊசி போடுங்கள், மறுபடியும் ஒரு மாதம் விடுங்கள், ஆகஸ்டுக்குள் வந்துவிடலாம், அதற்குப் பிறகு இங்கே பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்று நிதானமாகச் சொன்னாள். அப்பா சரி என்றார்.

இரண்டாவது ஊசி போட்டாயிற்று. ரத்தம் எடுக்கப் போகிற நாளுக்கு முந்தின நாள், பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் கூண்டு காலி. புறவாசல் கதவு திறந்து கிடந்தது. அந்தக் கதவை மிக்சருக்காகவே மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்தோம்.

"பாவம்லா. எத்தனை நாள் அடைச்சே போட்டிருக்க? கொஞ்சம் காத்தாட இருந்துட்டு வரட்டும்," என்றார் அப்பா.

அது வரவில்லை. ஒரு வாரத்துக்கும் மேல் வரவில்லை. நான் தெருத்தெருவாக, சாக்கடை மூடி விடாமல் குனிந்து பார்த்து, மிக்சர் மிக்சர் என்று கத்திக்கொண்டு போனேன். டீக்கடையில் நின்றவர்கள் மிக்சர் வேண்டுமா, காராசேவு போதுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா பிள்ளையாருக்கு விளக்குப் போடச் சொல்லியிருந்தாள். விளக்கைப் போட்டுவிட்டு, பூனை வந்தால் நம்புகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று பிள்ளையாரிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

ஒருநாள் காலையில் அது தானாக வந்தது. ஒரு காதில் கீறல், உடம்பெல்லாம் கரி. இந்த நிலைமையில் ரத்தம் எடுத்தால் தாங்காது, தேறட்டும் என்றார் அப்பா. அது தேறியது. தேறித் தேறி வயிறு பக்கவாட்டில் பிதுங்கியது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சினை என்றார். இந்த நிலையில் விமானத்தில் ஏற்றக்கூடாது. குட்டி போட்டாலும் பால்குடி மறக்கும்வரை பிரிக்கக்கூடாது.

"இனி குட்டி ஒவ்வொண்ணுக்கும் சிப்பு, ஊசி, ரத்தம். ஒங் கொழுந்தன் பொண்டாட்டியோட கம்பெனி, குட்டி பூராவுக்கும் டிக்கெட் போடுமான்னு கேட்டுச் சொல்லு," என்று பூனையைப் பார்க்க வந்த பெரியப்பா, கூட வந்த பெரியம்மாவிடம் சொன்னது வீடு முழுக்கக் கேட்டது. அப்பா அன்று சந்தோஷமாக இருந்தார். மிக்சருக்கு நெத்திலி வாங்கி வந்தார்.

அவருக்குப் போக மனமில்லை. இதை இன்றைக்கு யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்டாட்டி சம்பாத்தியத்தில், பாஷை தெரியாத ஊரில், பகலெல்லாம் வீட்டுக்குள் உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. அதை வாயைத் திறந்து சொல்லத் துணிச்சலும் இல்லை. பழியைத் தூக்கி ஒரு பூனையின் தலையில் வைத்தார். நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது. அப்போது நான் டாக்டரைத் திட்டினேன், ஜெர்மனிக்காரர்களைத் திட்டினேன், ஓடிப்போனதற்காகப் பூனையையும் திட்டினேன். அப்பாவைத் திட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஜூலையில் அம்மா என்னைக் கூட்டிப் போக வந்தாள். வீட்டில் பெரிய சண்டை நடக்கும் என்று பயந்து, அவள் வந்த அன்று நான் சோறே தின்னவில்லை. அவள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மிக்சரின் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். அப்பா பின்னால் நின்றார்.

"குட்டி போட்டு எந்திரிக்கட்டும். எல்லாத்தையும் முடிச்சு நானே பையப் பைய பூனையக் கூட்டிட்டு வாறேன்," என்றார்.

"சரி," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். எத்தனை மாதம், எந்தத் தேதி என்று கேட்கவில்லை. முதல் தடவையாக அம்மாவும் எங்கள் வீட்டு ஆண்கள் மாதிரி சரி சொன்னாள். சண்டை வரவில்லை என்றதும் எனக்குப் பசித்தது. அன்று இரவு நாலு தோசை தின்றேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அப்பா காரில் வந்தார். வழியெல்லாம் நான் அவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்து போடக்கூடாது, குட்டிகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது, நான்தான் வைப்பேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உள்ளே போகும்போது அவர் அம்மாவின் பெட்டியை வண்டியில் ஏற்றிவைத்து, கைப்பிடியை இரண்டு தடவை சரிபார்த்தார். அம்மா, தோளில் கிடந்த பையை மாற்றிக்கொண்டு, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் என்றாள். விமானத்தில் குளிராகத்தான் இருந்தது. எங்கள் காலுக்கு அடியில் பெட்டிகளோடு மிக்சர் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஜெர்மனி வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பார்த்தேன். பால்கனி முழுக்கப் பூனை விழாமல் இருக்க வலை கட்டியிருந்தது. ஜன்னலோரம் அது ஏறி உட்கார ஒரு பலகை. மணல் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், நகம் கீறக் கயிறு சுற்றிய ஒரு கட்டை. எல்லாம் புதிது. அம்மா மறக்கவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். வலை, பலகை, கிண்ணம். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வீட்டக் காட்டுட்டி. பைய காட்டு, ஓடாத."

சுற்றிச் சுற்றிக் காட்டினேன். சமையல் மேடை. சின்ன மேசை, இரண்டு நாற்காலி. என் அறையில் என் கட்டில். அம்மா அறையில் சுவரை ஒட்டி, ஒரு ஆள் படுக்கிற கட்டில். குளியலறையில் அம்மாவுக்கு நீலத்தில் ஒரு துண்டு, எனக்கு மஞ்சளில் ஒரு துண்டு.

"வேற ரூம் இருக்கா?"

"இல்லப்பா. அவ்வளவுதான்."

"அந்த மேசைய இன்னொரு வாட்டி காட்டு."

காட்டினேன். போன் நின்றுவிட்டதோ என்று திரையைத் தட்டிப் பார்த்தேன்.

"ஒங்கம்மா எல்லாம் யோசிச்சுதான் வச்சிருக்கா," என்றார்.

பூனைக்குச் செய்து வைத்ததைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. நான் மறுபடியும் ஜன்னலோரம் போய்ப் பலகையின் மேல் ஏறி உட்கார்ந்தேன். என் கனத்தையே அது தாங்கியது. அந்த வீட்டுக்கு இன்னும் வந்து சேராதது பூனை ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.