அவளுக்குப் பதிலாக ஏகாதசி

என் மனைவி பதினாறு வருடம் ஏகாதசி விரதம் இருந்தாள். வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று, மாதத்துக்கு இரண்டு நாள். எனக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. அந்த நாள்களில் வீட்டில் சமையல் கிடையாது என்பதால், கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவேன். கோயிலுக்குப் போனால் கும்பிடுவேன். அதற்கு மேல் சாமியிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.

வருடக் கடைசியில் அவள் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் இங்கேயே அச்சடித்த தமிழ் நாள்காட்டி வாங்கி வந்து, ஏகாதசிகளைப் பச்சைப் பேனாவால் வட்டமிடுவாள். கைத்தொலைபேசியில் வரும், கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர் நாள்காட்டியை நம்பமாட்டாள். அங்கேயும் இங்கேயும் நேரம் வேறு, சில மாதம் விரத நாளே மாறிவிடும் என்பாள்.

அவளுக்கு இனிப்பு நீர் வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். விரதத்தை மட்டும் அவள் விடவில்லை. ஒரு துவாதசிக் காலை, முந்தைய நாள் விரதத்தை முடித்துச் சாப்பிடுவதற்காக அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே தரையில் சரிந்தாள். உடம்பு முழுக்க வேர்வை. சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்து, காரில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பெண். "ஆன்டி, மாத்திரையும் போட்டுட்டுப் பட்டினியும் கெடந்தா சுகர் கிடுகிடுன்னு எறங்கிடும் லா. இனிமே விரதம் வேணாம். சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றாள். என் மனைவி தலையாட்டினாள்.

அடுத்த ஏகாதசி அன்று காலை குப்பை கட்டும்போது, பழைய பேப்பரில் சுருட்டிய நான்கு இட்லியைப் பார்த்தேன். அவளுக்கென்று நான் கடையில் வாங்கித் தட்டில் எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போன இட்லி. எனக்குக் கோபம் வந்தது. பொட்டலத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"மறுபடியும் விழணுமா?"

அவள் பொட்டலத்தை மடித்து ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "விட முடியலங்க" என்றாள். "காப்பார் ரோட்டுல மோட்டார் சைக்கிள்லேர்ந்து விழுந்தீங்கள்ல, ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடந்தீங்க. அப்ப வேண்டிக்கிட்டு ஆரம்பிச்சது. விட்டா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு இருக்கு."

பதினாறு வருடத்தில் நான் ஒரு தடவை கூட எதற்கு இருக்கிறாய் என்று கேட்டதில்லை. பெண்கள் இருக்கிறார்கள், இவளும் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த விபத்தில் எனக்கு இடது தோளில் ஒரு தழும்பு மிஞ்சியது. அதோடு அது முடிந்துபோன விஷயம் என் வரையில்.

"எனக்காகன்னா நானே இருந்துட்டுப் போறேன். நீ சாப்பிடு" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசா இருப்பீங்களா? காப்பி கூடக் கெடையாது. தண்ணி மட்டுந்தான்."

"இருக்கேன்."

அன்றைக்கே ஆரம்பித்தோம். அவள் சப்பாத்தி சாப்பிட்டாள். ஏகாதசியில் அரிசி மட்டும் வேண்டாம் என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. நான் வெறும் வயிற்றோடு கொமியூட்டர் ரயில் ஏறி, பெட்டாலிங் ஜெயாவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் போனேன். பத்து மணிக்குத் தலைவலி வந்தது. பசியை விடக் காப்பி இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோரில் வேலை செய்யும் மலாய்க்காரர் வழக்கம்போலக் கூப்பிட வந்தார். இருபது வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். "புவாசா" என்றேன், நோன்பு என்று. நோன்பு மாதம் வந்துவிட்டதா என்று அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். எங்களுக்கும் உண்டு என்று விளக்கினேன். யாருக்காக என்று மலாயில் கேட்டார்.

"மனைவிக்காக."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கா. வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு கேன்டீனுக்குத் தனியாகப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் சாப்பிடாமல் காத்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவளைச் சாப்பிடவைத்தேன். பாதியில் நிறுத்தி, "பசிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பொய்.

அப்படியே மாதங்கள் ஓடின. பக்தி ஒன்றும் வரவில்லை. தலைவலி மட்டும் நின்றது. ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ, ஒரு ஏகாதசி அன்று தொழிற்சாலையில் யாரோ வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்று எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டேன். இலையை மடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அவள் எனக்கு அகத்திக்கீரை பரிமாறியபோது முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

அவள் கரண்டியை வைத்தாள். "ஒரு வாயா?"

"ஒரு பொட்டலம்."

"முட்டையுமா?"

"முட்டையும்."

"நெத்திலி?"

"எல்லாந்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பயப்படுவாள், அழுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய் ஒரு விளக்குப் போட்டுவிட்டு வந்தாள், அவ்வளவுதான். எனக்கு எதுவும் ஆகவில்லை. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நான் பத்திரமாக வீடு திரும்பியதை அவள் கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என்னை வாசல் வரை வந்து அனுப்பும்போது அவள் முகத்தில் பழைய இறுக்கம் இல்லை.

போன வருடம் அவளுக்கு மாத்திரையை மாற்றினார்கள். சீனி அளவு இறங்கியிருந்தது. அதே டாக்டர், பழமும் பாலும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் மாதத்தில் ஒரு நாள் விரதம் இருக்கலாம், மாத்திரை விஷயத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். வரும் வழியில், சிக்னலில் நின்றபோது நான் கேட்டேன்.

"இனி நீ இருக்கியா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "வேணாங்க. பதினாறு வருஷம் இருந்தாச்சு. எனக்குக் காலையில சாப்பிட்டுப் பழகிடுச்சு" என்றாள். பிறகு, "உங்களுக்கு வேணாம்னா நீங்களும் விட்டுருங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று முடிவு செய்துதான் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அடுத்த ஏகாதசி வந்தது. அவள் இட்லித் தட்டோடு உட்கார்ந்து என்னையும் சாப்பிடச் சொன்னாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.