பேபியை நான்தான் கூப்பிட்டேன்

நான் பேய் பிசாசை நம்புகிற ஆள் கிடையாது. கச்சேரி முடித்துவிட்டுச் சுடுகாட்டு வழியாகத் தனியே நடந்து வந்தவன். ஆனால் இது நடந்தது. 1989, ஆடி மாதம், திங்கட்கிழமை, பட்டப்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். இடம் திருநின்றவூர். கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது கதையாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

என் பெயர் கலியமூர்த்தி, ஊர் மாயவரம். அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் தபலா வாசித்துக்கொண்டிருந்தேன். ஆடி பிறந்தால் எங்களுக்கு மெட்ராஸ் பக்கம்தான் பிழைப்பு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று அம்மன் கோயில் திருவிழாக்களில் மாறி மாறிக் கச்சேரி. ஞாயிறு ராத்திரி திருநின்றவூரில் வாசித்தோம். திங்கள் எங்களுக்கு ஓய்வு. மற்றவர்கள் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து பீச்சுக்குப் போய்விட்டார்கள். என்னிடம் ஒரு மூட்டை அழுக்குத் துணி இருந்ததால், விழாக் கமிட்டி கொடுத்திருந்த மாடி அறையிலேயே தங்கிவிட்டேன்.

மூன்று மணிக்குச் சட்டையை வாளியில் முக்கப் போனேன். பையில் ஒரு சீட்டு இருந்தது.

கச்சேரியில் ஜனங்கள் பாட்டு கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். மேடை ஓரத்தில் உட்காருகிறவன் நான் என்பதால் எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான்தான் பாடகர் உலகநாதனிடம் கொடுக்க வேண்டும். முந்தின ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஒல்லியான ஒரு பெண் இந்தச் சீட்டை நீட்டினாள். எல்லாரும் கேட்கிற அதே பாட்டைத்தான் கேட்டிருப்பாள் என்ற அலட்சியம். பிரிக்காமலே பையில் செருகினேன். கச்சேரி முடியும் வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது பிரித்தேன். "என் மகள் பேபி. வயது ஆறு. மஞ்சள் கவுன். கூட்டத்தில் காணவில்லை. மைக்கில் கூப்பிடவும். முத்தம்மாள்."

ஒரு தாய் பிள்ளையைத் தேடச் சொல்லிக் கொடுத்த சீட்டு. அதை வைத்துக்கொண்டு நான் குத்துப்பாட்டுக்கு வாசித்திருக்கிறேன். குழந்தை கிடைத்ததா, இல்லையா? கிடைக்காவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

ஈரக் கையோடு கோயில் திடலுக்கு ஓடினேன். மணி மூன்று பத்து. விழா புதன்கிழமை வரை இருந்ததால் பந்தலும் மேடையும் அப்படியே இருந்தன. ஓர் ஆள் இல்லை. சவுண்ட் செட் துலுக்கானத்தையும் காணோம், டீ குடிக்கப் போயிருப்பார். ஆனால் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தெருவில் யாரையாவது முதலில் விசாரித்திருக்கலாம். ஆனால் விசாரித்தால், "சீட்டு எப்போ கிடைச்சுது?" என்று கேட்பார்களே... அதற்குப் பயந்தேன். என் தப்பு வெளியே தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உண்மை அதுதான்.

மைக்கைப் பிடித்தேன். "மஞ்சள் கவுன் போட்ட பேபி... எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும். அம்மா முத்தம்மாள் தேடுகிறார்."

மூன்று முறை சொன்னேன். தெருத்தெருவாகக் கட்டியிருந்த ஹார்ன் ஸ்பீக்கர்களில் என் குரல் போய்த் திரும்பியது.

அப்புறம் அமைதி. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் மட்டும்.

சளப்... சளப்... சளப்...

மேடைக்குப் பின்னால் இருந்து வந்தது.

திரும்பினேன். மஞ்சள் கவுன். ஆறு வயசு இருக்கும். தலையெல்லாம் ஈரம்.

"பேர் என்னம்மா?"

"பேபி."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமி, காப்பாற்றிவிட்டாய் என்று அவள் கையைப் பிடித்தேன்.

அந்தக் கை ஊறிப்போய்ச் சுருங்கியிருந்தது. நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி.

"எங்கேம்மா போயிருந்தே?"

"இங்கதான் கீறேன். நீதான் நேத்து கூப்டல."

அப்போதுதான் கவனித்தேன்... நான் பேசியது ஹார்னில் கேட்டது.

அவள் வாய் மைக்குக்கு நேராக இருந்தது.

அவள் குரல் ஹார்னில் வரவில்லை.

கையை உதறினேன்.

"அம்மா வர்து," என்றாள்.

கீய்ய்ய்... என்று மைக் அலறியது. குனிந்து சுவிட்சை அணைத்தேன்.

நிமிர்ந்தேன். யாரும் இல்லை.

பலகையில் சின்னச் சின்ன ஈரக் காலடிகள் மட்டும் இருந்தன.

துலுக்கானம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யார்ரா மைக்ல? இன்னா காரியம் பண்ணிட்ட நைனா!"

சீட்டைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தக் கொயந்த ஏழு வருசம் முன்னாடி இதே திருவிழால ஏரில உயுந்து செத்துப் பூட்சி. வருசா வருசம் முத்தம்மா சீட்டு எய்தி குடுக்கும். எந்தக் கச்சேரி பார்ட்டியும் அத்த மைக்ல படிக்க மாட்டாங்க. உங்க பாட்டுக்காரராண்ட சொன்னேனே!"

உலகநாதனிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

"படிச்சா என்ன ஆகும்?"

"தெர்ல நைனா. இதுவரைக்கும் யாரும் படிச்சதில்ல."

இரண்டு பேரும் முத்தம்மாள் வீட்டுக்கு ஓடினோம். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், "கொயந்த கெட்ச்சிட்சின்னு கத்திகினே ஓட்சி."

ஆறு மணிக்கு ஏரியில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

சீட்டைப் படிக்காதது தப்பு என்று பதறி ஓடினேன். படித்து ஒரு உயிரை எடுத்துவிட்டேன். தெரியாமல்தானே செய்தாய் என்று வீட்டில் சமாதானம் சொல்கிறார்கள். ஆறவில்லை.

மறுநாள் காலை போலீஸ் விசாரணை. ஏரிக்குப் போகும் வழியிலிருந்த ரயில்வே கேட்டின் கீப்பர் பால்ராஜ் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அரக்கோணத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டே நாள் ஆன ஆள். முத்தம்மாளையும் தெரியாது, அவள் மகள் கதையும் தெரியாது.

"மூணு இருவதுக்கு கேட் போட்டிருந்தேன் சார். அந்தம்மா குனிஞ்சு உள்ள வந்துச்சு. திட்டலாம்னு போனேன். கூட குழந்தை இருந்ததால விட்டுட்டேன்."

"என்ன குழந்தை?"

"மஞ்சக் கவுன் சார். சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. அதுதான் முன்னால நடந்துச்சு, கையைப் புடிச்சு இழுத்துகினு."

"அந்தம்மா?"

"அது சிரிச்சிகினே போச்சு சார்."