தொட்டால் திறந்துகொள்ளும் அடுப்பு

அந்தக் கண்ணாடி அடுப்பை என் கணவர் எனக்குச் சொல்லாமல் வாங்கி வந்தார். ஆடித் தள்ளுபடி, பழைய அடுப்பைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மில்லில் கூட வேலை பார்ப்பவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்தபடியே வந்திருக்கிறார். நான் வீட்டுக்கு வந்தபோது சமையல் மேடையில் அது கறுப்பாகப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அந்த அடுப்பத் தேச்சுத் தேச்சுக் கை வலிக்குதுன்னு சொன்னேல்ல? இத ஒரு துணிய வச்சு இழுத்தாப் போதும்" என்றார்.

அவ்வளவு ஆசையாக ஒருவர் வாங்கி வந்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல நாள் வரவில்லை.

திண்டுக்கல்லில் எங்களுக்கு மாடியில் வாடகை வீடு. மேடை அகலம் குறைவு. எப்படித் தள்ளி வைத்தாலும் அடுப்பின் குமிழ்கள் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றன. பழைய அடுப்பில் குமிழை உள்ளே அழுத்தினால்தான் திருப்ப முடியும். இதில் அழுத்தவே வேண்டாம். எதுவாவது உரசினாலே வழுக்கிக்கொண்டு திரும்பியது. மூடிய இடத்தில் ஒரு பிடிமானம் கிடையாது. மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று காட்டும் வெள்ளைக் கோடும் துடைக்கத் துடைக்கச் சீக்கிரமே அழிந்துபோனது. இதை வரைந்து செய்தவர் ஒருநாளாவது அடுப்படியில் நின்று சோறு வடித்திருப்பாரா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

முதல் முறை என் நைட்டியின் பாக்கெட் மாட்டி இழுத்தது. மாவு எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினேன். பின்னால் 'உஸ்' என்று சத்தம், உடனே வாடை. ஓடிப் போய் மூடினேன். அடுத்த முறை முந்தானை. அதற்கடுத்து, மேடைக்கு முன்னால் தொங்கிய கைத்துணி. ஒவ்வொரு முறையும் அவரிடம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர், "நீ சரியா மூடியிருக்க மாட்ட" என்பார். சண்டையாகக்கூட வளராது. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுவதில் இருவருக்குமே சலிப்புத் தட்டிவிட்டது.

இதில் இன்னொன்று உண்டு. கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மூக்கில் வாடை தெரிவதில்லை. காய்ச்சல் போனதும் வந்துவிடும் என்று இருந்தோம், வரவில்லை. ஊசிப்போன சாம்பாரை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, நான் பதறிப் பிடுங்கியபோது சிரித்தார். டாக்டரிடம் போகலாம் என்றால் பேச்சை மாற்றிவிடுவார். நூல் மில்லில் அவருக்கு இரவு ஷிப்ட். காலையில் வந்து ஜன்னல் கதவையெல்லாம் சாத்திவிட்டுத் தூங்குவார். பகல் முழுக்க அந்த அடுப்பும் அவரும் மட்டும் வீட்டில்.

மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். குமிழைக் கழற்றிக் கிரீஸ் தடவி மாட்டினார். அதன் பிறகு முன்னைவிட லேசாகத் திரும்பியது.

"எல்லா மாடலும் இப்ப இப்பிடித்தான்க்கா வருது. சோலி முடிஞ்சதும் சிலிண்டர்ல மூடிருங்க, பயமே இல்ல" என்றார்.

அப்படியே செய்தேன். சிலிண்டர் மேடைக்கு அடியில், மூலையில். காலைச் சமையல் முடிந்து, டிபன் பாக்ஸ்களை மூடி, சேலை கட்டி, கிளம்பும் அவசரத்தில் குனிந்து, கையை உள்ளே விட்டு ரெகுலேட்டரைத் திருப்ப வேண்டும். மூடினேனா என்ற சந்தேகம் பஸ்ஸில் ஏறியதும் வந்துவிடும். நான் சொல்லிக்கொடுப்பது கணக்கு. போர்டில் பின்னத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிடும். இடைவேளையில் போன் போடுவேன்.

"ஏங்க, ரெகுலேட்டரச் செத்தப் பாருங்க."

"இப்பத்தான் கண்ணசந்தேன். தெனம் இதே ரோதனையாப் போச்சு." எழுந்து போய்ப் பார்த்தாரா, படுத்தபடியே சொன்னாரா, தெரியாது. "மூடித்தான் இருக்கு, வையி."

ஒருநாள் மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். படியில் பாதி ஏறும்போதே வாடை அடித்தது. கீழ்வீட்டிலிருந்தோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். மேலே ஏற ஏற அது கூடியது. காலிங் பெல்லுக்குப் போன விரலைக் கடைசி நேரத்தில் இழுத்துக்கொண்டேன். கதவைக் கையால் தட்டினேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. அடுப்படியிலிருந்து. "இரு, டீக்கு அடுப்பப் பத்த வச்சுட்டு வாரேன்."

"பத்த வைக்காதீங்க!" நான் போட்ட சத்தம் என் குரல் மாதிரியே இல்லை. "ஒண்ணையும் தொடாதீங்க! சுவிட்சத் தொடாதீங்க! அப்பிடியே வந்து கதவத் தெறங்க!"

கதவு திறந்தது. கையில் லைட்டரோடு நின்றார்.

"ஏன் இம்புட்டுக் கத்துற? தெருவே பாக்குது."

நான் லைட்டரைப் பிடுங்கி வராந்தாவில் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ரெகுலேட்டரை மூடி, அடுப்படி ஜன்னலைத் திறந்தேன். வலது குமிழ் பாதி திரும்பியிருந்தது. மற்ற ஜன்னல்களை அவர் திறந்தார். பிறகு இருவரும் கீழே இறங்கி, வாசலில் நின்றோம். கீழ்வீட்டு அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "மேல இருந்தா வந்துச்சு? நான் சாக்கடைன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

என் கணவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. சொம்பைப் பிடித்தபடி நின்றார்.

"மத்தியானம் தண்ணி குடிக்கப் போனேன். ஒரு காபியும் போட்டேன். சிலிண்டர்ல மூட மறந்துட்டேன் போல. அப்புறம் கைலி பட்டிருக்கும்." சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றார்.

பயம் போன இடத்தில் எனக்கு அசதிதான் இருந்தது. அந்த வாசலிலேயே படுத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் அவர் மில் விஷயத்தைச் சொன்னார். பஞ்சு எங்காவது கருகினால் கண்ணுக்குத் தெரியும் முன் மூக்குக்குத்தான் தெரியுமாம். இதுவரை பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். சொன்னால் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், ஒருவேளை நிறுத்தியும்விடுவார்கள் என்று மறைத்திருக்கிறார். டாக்டர் பேச்சு வரும்போதெல்லாம் நழுவியது அதனால்தான்.

"சொல்லிருங்க" என்றேன். "சொல்றேன்" என்றார். அன்றைக்கு ஷிப்ட்டுக்குப் போனதும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். நிறுத்தவில்லை. நூல் பெட்டிகளைக் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். டாக்டரையும் பார்த்தோம். வாடை தெரிவது திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அடுப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கண்ணாடி உடைந்திருந்தால் மாற்றித் தருவார்களாம். குமிழ் திரும்புவதற்கு வாரண்டி இல்லையாம். "திரும்பாட்டித்தான் சார் கம்ப்ளைண்ட் எடுப்போம்" என்றார் அங்கிருந்தவர். கோபப்படக்கூட இருவருக்கும் தெம்பில்லை. திரும்பத் தூக்கி வந்தோம்.

பக்கத்து ஊரான எரியோட்டில் இருக்கும் என் தங்கை பரணில் கிடந்த அவளுடைய பழைய அடுப்பைக் கொடுத்துவிட்டாள். அதன் குமிழ் இறுக்கம். அழுத்தித் திருப்புவதற்குள் மணிக்கட்டு விண்ணென்று வலிக்கும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடி அடுப்பைக் கீழ்வீட்டு அம்மா கேட்டார். "சும்மாதானே கெடக்கு, நான் வச்சுக்கறேனே." முடியாது என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. என் கணவர்தான் சொன்னார், "வேணாங்கம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க." அந்த ஞாயிற்றுக்கிழமை அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் குமிழ்களைக் குறட்டால் பிடுங்கி, உள்ளே போகும் குழாயைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினார். பழைய இரும்புக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான இப்பிடியா நாசம் பண்ணுவாங்க?" என்று வருத்தப்பட்டார்.

"அத யாரும் வாங்கி அடுப்படில வச்சிரக் கூடாதுல்ல" என்றார் இவர்.

இரும்புக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் உள்ளே போய் உலை வைத்தேன்.