நாற்பத்து மூன்று சீர்த்தட்டுகள்

ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் விரித்திருந்த பச்சை ஜமக்காளம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதன்மேல் நாற்பத்து மூன்று சீர்வரிசைத் தட்டுகள், மஞ்சள் கண்ணாடித் தாள் சுற்றி. சீர்த்தட்டு அலங்காரத்தில் நான் தனியாக ஏற்ற முதல் நிச்சயதார்த்தம் அது. இது சொதப்பினால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் முந்தின நாளிலிருந்தே இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா இரண்டே நிபந்தனைதான் போட்டிருந்தார்: தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், எல்லா வரிசையும் சமமாக இருக்க வேண்டும். "ஒரு தட்டுகூட அநாதையா நிக்கக் கூடாதும்மா."

நான்கு வரிசை வைத்தேன், மூன்று மிஞ்சியது. ஐந்து வைத்தேன், அப்போதும் மூன்று. ஆறிலும் ஏழிலும் ஒன்று மிஞ்சி என்னையே பார்த்தது. ஏழாவதோடு படிப்பை விட்டவள், எனக்கு எண்ணத்தான் தெரியவில்லையோ என்று நான்கு முறை எண்ணினேன். மண்டபத்துக்குப் பின்வாசல் இருக்கிறதா என்றும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மலைக்கோட்டையிலிருந்து பூ வாங்கிக்கொண்டு என் நாத்தனார் வந்தாள். பத்தாவது வரை படித்தவள். ஒரு நிமிடம் பார்த்தாள்.

"தப்பு உங்க மேல இல்ல அண்ணி. நாப்பத்து மூணு பகா எண். ஒன்னாலயும் அதாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. கலெக்டர் வந்து அடுக்கினாலும் மிஞ்சும்."

என் வாழ்நாளில் தப்பு என் மேல் இல்லை என்று யாரும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை. உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

"நாப்பத்தஞ்சு ஆக்கிடுவோம். உடைச்சா மூணு, மூணு, அஞ்சு. அதுவும் ஒத்தைப்படைதான்."

நான் நம்பவில்லை. ஒன்பது, ஐந்து என்று பிரித்தேன், ஒன்பது மறுபடி மூன்று மூன்றாக உடைந்தது. பதினைந்து, மூன்று என்று பிரித்தேன், பதினைந்து மூன்றும் ஐந்துமாக உடைந்தது. எந்த வழியில் போனாலும் கடைசியில் அதே மூன்று, மூன்று, ஐந்து. மனிதர்களில் அப்படி ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

கூடுதல் தட்டு ஒன்றில் சமையல்கட்டிலிருந்து வாழைப்பழம் வைத்தோம். இன்னொன்றுக்கு எதுவும் அகப்படவில்லை. மீந்த ரிப்பனையும் ஊக்குப் பாக்கெட்டையும் வைத்து அவள் தாளைச் சுற்றிவிட்டாள். வரிசைக்கு ஒன்பதாக ஐந்து வரிசை அடுக்கினோம். வாசலிலிருந்து பார்த்து, மாப்பிள்ளையின் அம்மா, "அஞ்சு வரிசை, லட்சணமா இருக்கு" என்றார். பக்கவாட்டிலிருந்து பார்த்து, மணப்பெண்ணின் அத்தை, "ஒன்பதுல்ல வச்சிருக்காங்க" என்றார். இருவரும் சொன்னது சரிதான். ஆனாலும் சாப்பாட்டுப் பந்தி வரை அந்த வாக்குவாதம் ஓடியது. ஊக்குத் தட்டைப் பிரித்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அந்தக் கவலை எனக்கு இன்றும் உண்டு.

நாத்தனார் இப்போது ஓசூரில் இருக்கிறாள். எந்த ஆர்டர் வந்தாலும் முதலில் எண்ணை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் ஒருவர் தொண்ணூற்று ஒன்று கேட்டார். மூன்றாலும் ஐந்தாலும் வகுத்துப் பார்த்துவிட்டு, அது பகா எண், வரிசையில் நிற்காது என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே நாத்தனாருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

"ஏழால பாத்தீங்களா அண்ணி?"

பார்க்கவில்லை. ஏழு பதிமூன்று தொண்ணூற்று ஒன்று. இந்த முறை தப்பு முழுக்க என்னுடையது. பின்வாசல் தேடவில்லை, ஆர்டர் கேட்டவருக்கே போன் செய்தேன். "பதிமூணு வரிசையா நிக்குங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.