அண்ணையின் வீட்டில் எத்தனை பேர்

கிராமத்துக்குப் பொறுப்பான விதானையார் என்னைத் தேடி வந்தது என் வாய்க்காகத்தான். குடிசன மதிப்பீடு தொடங்கி ஒரு கிழமை ஆகியும் உரும்பிராயில் எங்கள் பக்கத்துக் கேற்றுகள் பாதி திறபடவில்லையாம். கணக்கெடுக்க வந்த உத்தியோகத்தர், முப்பது வயதுத் தம்பி ஒருவர், மதிலுக்கு வெளியே நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய்க் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறாராம். மாதர் சங்கத் தலைவி நான் முன்னால் போய்ச் சொன்னால் சனம் கேட்கும் என்றார் விதானையார். அது மரியாதைக்குச் சொன்னது. நான் ஒரு கேற்றில் நின்று கத்தினால் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும், மானத்துக்குப் பயந்து திறப்பார்கள் என்பதுதான் அவருடைய கணக்கு. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

மறுநாள் காலை தம்பி கையில் கணக்குப் பதிகிற டப்போடு பின்னால் வர, நான் முன்னால் நடந்தேன். முதல் வீடு இளைப்பாறிய மாஸ்டருடையது. வீட்டில் எத்தனை பேர் என்று தம்பி கேட்க, ஐந்து பேர் என்றார். அவரும் மனைவியும் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. மற்ற மூன்று பேரும் எங்கே என்று கேட்டால், ஒருவன் ரொறன்ரோ, ஒருவன் பாரிஸ், மகள் மெல்பேண். இங்கே வசிக்கிறவர்களைத்தான் எழுதலாம் என்று தம்பி பணிவாகச் சொன்னதும் மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்றது அவராம், கணக்குச் சொல்ல இன்னொருவர் ஆராம். மூத்தவனின் அறையில் கட்டில்கூட விரித்தபடி இருக்கிறது என்று காட்டினார்.

"மாஸ்டர், கட்டில் எண்ண ஆள் வந்தால் அப்ப எழுதுவம்," என்றேன். அவர் முறைத்தார். ஆனால் இரண்டு என்று ஒத்துக்கொண்டார்.

அடுத்த வீட்டுக்காரி என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். எனக்கு ஐம்பத்தாறு. அவள் தன் வயதைத் தம்பியின் காதுக்குள் சொன்னாள். தம்பி நாற்பத்திரண்டு என்று பதியப் போக, நான் என் வயதை உரக்கச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றேன். அவள் இன்றுவரைக்கும் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

இப்படி வீட்டுக்கு வீடு ஒரு கூத்து. கேற்றைத் திறக்க மறுத்தவர்களுக்கெல்லாம் நான் ஒரு பிரசங்கமும் வைத்தேன். எண்ணப்படாவிட்டால் இல்லாத சனம்தான், பள்ளிக்கூடமும் ஆசுப்பத்திரியும் பஸ்ஸும் ஆட்கணக்கைப் பார்த்துத்தான் வரும், பிறகு வந்து கவர்மென்ற் ஒன்றும் செய்யவில்லை என்று என்னிடம் அழக்கூடாது. முதல் வீட்டில் சாதாரணமாகச் சொன்னேன். ஐந்தாவது வீட்டில் கையையும் ஆட்டத் தொடங்கியிருந்தேன். பேச்சு எனக்கே நன்றாகப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள் ஒரேயொரு வீடு மிச்சம். தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அன்ரி, அந்த மாடி வீடு. மூண்டு தரம் போயிட்டன். கொடியிலை உடுப்புக் காயுது. ஆளில்லை எண்டு உள்ளுக்கை இருந்து ஒராள் சொல்லுது."

அது என் அண்ணையின் வீடு.

அண்ணை லண்டனில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இரண்டு கிழமை நிற்பதற்காக நான்கு குளியலறையோடு கட்டிய வீடு அது. பூட்டும் திறப்பும் என் கையில். வீட்டைப் பார்த்துக்கொள்ள வன்னியிலிருந்து வந்த ஒரு பெண்ணையும் அவளுடைய மகளையும் குசினிக்குப் பின்னாலிருந்த அறையில் நான்தான் குடிவைத்தேன். புருசன் இல்லாதவள், நல்ல சுத்தக்காரி. நான்கு வருடமாகக் கூட்டி, துடைத்து, மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றி, யாரும் படுக்காத மெத்தைகளை வெயிலில் போட்டு எடுக்கிறாள்.

அண்ணை போட்ட நிபந்தனை ஒன்றுதான். அந்த விலாசத்தில் எந்தக் கடதாசியிலும் அவளுடைய பெயர் வரக்கூடாது. இன்றைக்குப் பெயர் ஏறினால் நாளைக்கு வீட்டுக்கு உரிமை கேட்டு வழக்குப் போடுவாள் என்று பயம். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீடு வைத்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு இந்தப் பயம் உண்டு. ஆர் வந்து கேட்டாலும் ஆளில்லை என்று சொல் என்று அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். அப்போது எனக்கு அது கூரையைப் பழுது பார்க்கச் சொல்வதைப் போல ஒரு சாதாரண வீட்டு விசயம்.

உண்மையைச் சொல்வதென்றால், 'வெறும் வீடு என்று போடுங்கோ தம்பி' என்று சொல்ல நுனி நாக்கு வரைக்கும் வந்தது. அவரும் போட்டிருப்பார். மூன்று நாளாகக் கையை ஆட்டி ஆட்டிப் பேசியவள் அதை எந்த முகத்தோடு சொல்வது? போவோம் என்று வெளிக்கிட்டேன்.

கேற்றைத் தட்டியதும் அவள் அரிசிமாக் கையோடு ஓடி வந்தாள். பின்னால் எட்டாம் வகுப்புப் படிக்கிற மகள், கையில் புத்தகத்தோடு. தாய் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், குழம்பினாள். பிறகு நான் சொல்லிக்கொடுத்ததையே சொன்னாள்.

"வீட்டிலை ஒருத்தரும் இல்லை, சேர்."

எங்களுக்கு முன்னால் முழு உடம்போடு நின்றுகொண்டு சொன்னாள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

இன்றைக்கு உண்மையைச் சொல்லலாம் என்று நான் அவளிடம் சொல்லி வாய் மூடவில்லை, கேற்றுத் தூணிலிருந்த கமரா கதைக்கத் தொடங்கியது. அண்ணை அங்கே விடியமுன்னம் எழும்பிப் போனில் இந்தக் கேற்றைத்தான் பார்ப்பார்.

"தங்கச்சி, ஆர் உது?"

சொன்னேன். கணக்கெடுப்பு என்றதும் அவருக்குச் சந்தோசம். தன்னையும் அண்ணியையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து நான்கு பேர் என்று எழுதச் சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் லைற் போடுகிற சுவிச் எங்கே என்றுகூடத் தெரியாது. இங்கே இருக்கிறவர்களைத்தான் எழுதலாம் என்றேன். அப்படியென்றால் வெறும் வீடு என்று போடச் சொன்னார். இங்கே இரண்டு பேர் இருக்கினம் என்றேன்.

"அவையின்ரை பேர் ஏறினால், இந்த மாசத்தோடை அவை வெளிக்கிட வேணும். சொல்லிப்போட்டன்."

அதோடு எனக்குப் பொறுமை போயிற்று. ஒரு சீமெந்துத் தூணைப் பார்த்து நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து மதில்களுக்கு மேலே தலைகள் முளைத்தன. இந்த வீட்டில் மூச்சு விடுகிறது இவர்கள் இரண்டு பேரும்தான் என்றேன். இவளை வீட்டை விட்டு எழுப்பினால் திறப்பை மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டுப் போய்விடுவேன், நீங்களே லீவு போட்டு வந்து மெத்தையைக் காயவையுங்கோ என்றேன். ஆனால் அண்ணை சொன்னால் சொன்னதுதான், அது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

ஆகவே அவளுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் அண்ணை எழுப்பக்கூடும், நான் சண்டை பிடிப்பேன், வெல்லுவேனோ தெரியாது, முடிவு உன்னுடையது என்றேன். இந்த விபரம் வீட்டு வழக்குக்கொன்றும் உதவாது, ஒருவருக்கும் காட்டவும் மாட்டார்கள் என்று தம்பி கமராவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"முந்தின கணக்கெடுப்பிலையும் வேறை ஒராளின்ரை வீட்டிலை, கணக்கிலை இல்லாமல்தான் அக்கா இருந்தனான். உவள் அப்ப கைக்குழந்தை," என்றாள்.

பிறகு தம்பியிடம் கேட்டாள். "எழுதினால் பேந்து அழிக்கேலுமோ, சேர்?"

பயத்தில் கேட்கிறாள் என்று நான் நினைத்தேன். தம்பியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், குற்றம் செய்தவர் போலக் குரலை இறக்கினார். "ஏலாது அக்கா. அனுப்பினால் அனுப்பினதுதான். நான் நினைச்சாலும் அழிக்கேலாது."

அவள் மாக் கையைப் பாவாடையில் துடைத்தாள். மகளைக் கிட்டக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினாள். என்னையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. கமராவை நேரே பார்த்துச் சொன்னாள்.

"அப்ப எழுதுங்கோ. ரெண்டு பேர்."