அடி விட்ட குப்பைக்கூடை

எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையின் அடி விட்டுப்போன வருஷம் எனக்கு எட்டு வயது. பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்பு ஓரத்தில் வீடு. அம்மா மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்ததால், வாசலையும் மாடு கட்டும் கட்டுத்தரையையும் கூட்டிக் குப்பையை உரக்குழியில் கொட்டுவது என் வேலையாகிவிட்டது. நடக்க நடக்கச் சாம்பலும் சாணியும் காலில் கொட்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துவிட்டு, "ஏன்டீ, வழியெல்லாம் கோலம் போட்டுட்டே போறயா?" என்று சிரிப்பார்கள்.

அப்பா அடியில் சாக்குத் துண்டு வைத்துக் கோணூசியால் தைத்தார். பத்து நாளில் மக்கிப்போயிற்று. தகரம் வெட்டிக் கம்பியால் கட்டினார். அது என் இடுப்பைக் கிழித்தது. வேலந்தாவளம் சந்தையில் மூங்கில் கூடைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். மாட்டுக்குப் புதுக் கயிறு வாங்குகிறவருக்கு இதற்கு மட்டும் மனசில்லையே என்று அழுதேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தையிடம் முறையிட்டேன். அவர் என் வாயைப் பொத்தினார்.

"இந்தப் பேச்சே எடுக்காத சாமி. கருமாதிக்குத்தான் ஊட்டுக்குப் புதுக்கூடை வரும்."

எங்கள் வகையறாவில் அப்படி ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டில் காரியத்தன்று பழைய விளக்குமாற்றையும் குப்பைக்கூடையையும் எறிந்துவிட்டுப் புதிது கொண்டுவருவார்கள். நோயாளி கிடக்கும்போது அது முந்தி வாசல்படி ஏறக் கூடாது. அத்தை சொல்லியும் என் மண்டையில் ஏறவில்லை. கருமாதி என்றால் வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நான்காம் தடவையாகக் கூடையை மடியில் வைத்துக் கயிற்றால் பின்னிக்கொண்டிருந்தார். வாய் மாரியம்மனைக் கூப்பிட்டபடியே இருந்தது. அவள் சித்தம் வேறாக இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கட்டிலிலிருந்து அம்மா பேசினாள்.

"ஏனுங்க, அதை வீசிப்போட்டுப் புதுசு ஒண்ணு வாங்கியாந்துருங்க. எப்படியும் வாங்கத்தானுங்களே போறீங்க? புள்ளையாவது சங்கடப்படாம இருக்கட்டும்."

அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விட்டார். அப்பாவின் கை நின்றது. வீட்டில் ஒருத்தராவது என் பக்கம் பேசினார்களே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

"கேட்டீங்களாப்பா? அம்மாவே சொல்லிப்போட்டாங்க. வர்ற சந்தைக்கே வாங்கியாங்க!"